ஓட்ட ஆட்டத்தைக் கட்டுவது யார் வேலை? விஸ்கான்சின் முன் இருக்கும் மூன்று வழிகள்

2022 அக்டோபர் 1 அன்று மேடிசன் நகரின் கேம்ப் ராண்டல் மைதானத்தில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணி இலினாய் பல்கலைக்கழகத்திடம் 34–10 என்று தோற்றது. தோற்றதைக்கூட மறந்துவிடலாம். அன்று முழுக்க விஸ்கான்சின் பந்தைச் சுமந்து ஓடி எடுத்த மொத்தத் தூரம் 2 கெஜம். நின்ற இடத்திலிருந்து ஒருவர் குப்புற விழுந்தாலே கிடைத்துவிடும் தூரம் அது. எதிர்ப்பக்கம் இலினாயின் தலைமைப் பயிற்சியாளராக நின்றவர் பிரட் பீலிமா. 2006 முதல் 2012 வரை இதே மைதானத்தில் விஸ்கான்சினுக்குத் தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர். மறுநாளே விஸ்கான்சின் தன் தலைமைப் பயிற்சியாளர் பால் கிறிஸ்டை வேலையிலிருந்து நீக்கியது.

2017 முதல் இரண்டு ஆண்டுகள் அந்த ஊரில் படித்தவன் என்ற முறையில் எனக்கு அந்த இரண்டு கெஜம் வலித்தது. நான் இருந்தபோது ஜொனாதன் டெய்லர் ஓடிக்கொண்டிருந்தார். மூன்று பருவங்களில் 6,174 கெஜம். மாணவர் பகுதியில் டிக்கெட் கிடைக்காத ஒரு நவம்பர் நாளில் மைதானத்தின் எதிர்ப்பக்கம் உட்கார நேர்ந்தது. பக்கத்தில் பால் பண்ணை வைத்திருந்த ஒரு பெரியவர், கழுத்தில் பைனாகுலருடன். டெய்லர் பிய்த்துக்கொண்டு ஓடும்போதெல்லாம் நாங்கள் எழுந்து கத்துவோம். அவர் எழ மாட்டார். பைனாகுலர் பந்து இருந்த திசையிலேயே இல்லை. நடுவில் குனிந்து நின்று வழி திறந்துவிடும் கார்டு என்ற ஆட்டக்காரரின் கால்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். “ஓடுகிறவன் எங்கே போவான் என்பதை அந்தக் கால் முன்கூட்டியே சொல்லிவிடும்” என்றார். அமெரிக்கக் கால்பந்தில் நான் கற்ற முதல் உருப்படியான பாடம் அது. இந்தக் கட்டுரையும் ஏறக்குறைய அந்தப் பைனாகுலர் வழியாகப் பார்த்து எழுதியதுதான்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு மட்டும் சுருக்கமாக: பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள். அதற்குள் பத்து கெஜம் முன்னேறினால் மறுபடி நான்கு முயற்சிகள் கிடைக்கும். பந்தை எறியலாம், அல்லது கையில் வைத்துக்கொண்டு ஓடலாம். ஓடுவதென்றால் பந்து வைத்திருப்பவருக்கு முன்னால் ஐந்து தடியர்கள் வழி திறந்துவிட வேண்டும். நடுவில் சென்டர், அவருக்கு இரு பக்கமும் கார்டுகள், ஓரங்களில் டேக்கிள்கள். இந்த ஐவரைத்தான் லைன் என்பார்கள். ஐந்து பேரில் ஒருவர் அரை அடி தப்பாக வைத்தாலும் மொத்தத் திட்டமும் குப்பை.

கேள்வி இதுதான். ஓடியே ஜெயிக்க நினைக்கும் ஒரு அணியில் தலைமைப் பயிற்சியாளரின் வேலை என்ன? தானே திட்டம் வரைந்து, ஒவ்வொரு முயற்சியிலும் ஆட வேண்டிய நகர்வு எது என்று தானே அழைக்க வேண்டுமா? பெயர்பெற்ற ஒரு தாக்குதல் ஒருங்கிணைப்பாளரை (பந்து தன் அணியிடம் இருக்கும்போது ஆட்டத்தை நடத்தும் உதவிப் பயிற்சியாளரை) வாங்கிவந்து அவரிடம் ஒப்படைத்துவிட வேண்டுமா? அல்லது நகர்வுகளை யாராவது அழைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டு, லைனையும் அதைப் பழக்குபவரையும் மட்டும் தன் பிடியில் வைத்துக்கொள்ள வேண்டுமா? விஸ்கான்சின் இந்த மூன்றையும் வெவ்வேறு காலங்களில் செய்து பார்த்திருக்கிறது. அதனால்தான் அதை எடுத்துக்கொண்டேன்.

தலைவரே எல்லாம் என்ற வழிக்கு நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தைவிடச் சிறந்த சான்று கிடையாது. டாம் ஆஸ்போர்ன் 1973 முதல் 1997 வரை அங்கே தலைமைப் பயிற்சியாளர். 255 வெற்றி, 49 தோல்வி, 3 சமன். தாக்குதலுக்கு ஒருங்கிணைப்பாளர் என்று வேறு ஆள் வைத்துக்கொள்ளாமல் நகர்வுகளை அவரே அழைத்தார். 1995 அணி ஆட்டத்துக்கு ஏறக்குறைய 400 கெஜம் ஓடியே எடுத்தது. அந்தப் பருவத்தின் இறுதி ஆட்டத்தில் புளோரிடாவை 62–24 என்று உரித்தபோது, ஓட்டம் மட்டும் 524 கெஜம். பந்தை முதலில் கையில் வாங்கி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் டாமி ஃபிரேசியர் அதில் ஒருமுறை 75 கெஜம் ஓடினார். பிடிக்க வந்தவர்கள் ஒவ்வொருவராக அவர் உடம்பிலிருந்து உதிர்ந்தார்கள். இன்றும் அந்தக் காணொளியைப் பார்த்தால், பிடித்தவர்களுக்காகப் பரிதாபப்படத் தோன்றும்.

ஆஸ்போர்ன் நம்பிய ஆப்ஷன் முறைக்கு ஏன் தலைவரே பொறுப்பேற்க வேண்டியிருக்கிறது என்பதைக் கிட்டப் போய்ப் பார்த்தால் புரியும். எதிரணியின் ஓரத்தில் நிற்கும் ஒரு தடுப்பாளரை வேண்டுமென்றே யாரும் தொடாமல் விட்டுவிடுவார்கள். குவார்ட்டர்பேக் பந்தை நடுவே பாயும் ஆளின் வயிற்றில் வைக்கிறார். ஆனால் கையை எடுக்கவில்லை. கண் அந்தத் தடுப்பாளரின் தோள் மீது. தோள் உள்ளே திரும்பினால் பந்தை உருவிக்கொண்டு வெளியே ஓட வேண்டும். திரும்பாமல் வெளியே நின்றால் பந்தை விட்டுவிட வேண்டும். வெளியே ஓடும்போது இன்னொருவர் வந்தால், பக்கத்தில் கூடவே ஓடிவரும் ஆளுக்குத் தட்டிவிட வேண்டும். முடிவெடுக்க ஒரு நொடிகூடக் கிடையாது. தடுக்க ஆள் குறைவென்றால், தடுக்காமலே ஒருவனைச் செயலிழக்கச் செய்துவிடும் கணக்கு இது. ஆனால் இது கைவர வேண்டுமானால் வசந்த காலப் பயிற்சி தொடங்கி நவம்பர் வரை வேறெதற்கும் நேரமே இருக்காது. பயிற்சி நேரத்தைப் பங்கிடும் அதிகாரம் தலைமைப் பயிற்சியாளரிடம்தான் இருக்கிறது. அவருக்கே பாதி மனதாக இருந்தால் இந்த முறை ஒரு பருவம்கூடத் தாங்காது.

பால் ஜான்சனும் அதே ரகம். ஜார்ஜியா சதர்ன், கடற்படை அகாடமி, பிறகு 2008 முதல் 2018 வரை ஜார்ஜியா டெக். போன இடமெல்லாம் ஒரே ஆப்ஷன், நகர்வுகளை அழைத்தது அவரே. அகாடமிகளுக்கு இந்த வழி ஏன் பொருந்துகிறது என்பதும் தெளிவு. அங்கே படித்துவிட்டு ராணுவத்தில் பணியாற்ற வேண்டும். நூற்று நாற்பது கிலோ தடியர்கள் வரிசையில் வந்து நிற்பதில்லை. 2018இல் ராணுவ அகாடமி அணி ஓக்லஹோமாவுக்குப் போய், பந்தைக் கிட்டத்தட்ட 45 நிமிடம் தன்னிடமே வைத்திருந்து, கூடுதல் நேரம் வரை இழுத்துத்தான் 28–21 என்று தோற்றது. ஆட்டமே மொத்தம் 60 நிமிடம். எதிரணியின் நட்சத்திரங்கள் பெரும்பாலும் பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். ராணுவ அணியின் பயிற்சியாளர் ஜெஃப் மங்கன், ஜான்சனிடம் உதவியாளராக இருந்து தேறியவர்.

இந்த வழியின் விலையை மட்டும் யாரும் முன்கூட்டிப் பேசுவதில்லை. அந்த மனிதர் போனால் எல்லாம் போகிறது. ஜான்சன் ஓய்வு பெற்றதும் ஜார்ஜியா டெக் நவீன முறைக்குத் தாவியது. அடுத்த மூன்று பருவங்களில் அதற்குக் கிடைத்த வெற்றிகள் 3, 3, 3. சொந்தப் பணத்தைப் போட்டு வாங்கிய கட்டடத்தில் மேஸ்திரியைத் தவிர வேறு யாருக்கும் குழாய் எங்கே ஓடுகிறது என்று தெரியாத நிலை அது. எதிராளியின் இடுப்புக்குக் கீழே தாக்கித் தடுப்பதற்கு 2022இல் கல்லூரி விதிகள் கடிவாளம் போட்டபோது ஆப்ஷன் அணிகள் சில தடுமாறின. ஒரே மூளையில் ஒரே முறையை வைத்திருப்பவருக்கு விதிப் புத்தகத்தின் ஒரு பத்திகூட இடியாக விழலாம்.

நெப்ராஸ்காவின் கதை இன்னும் கசப்பு. ஆஸ்போர்னுக்குப் பின் அவருடைய சீடர் ஃபிராங்க் சோலிச் 2003 வரை ஓட்டினார். அந்த ஆண்டில் 9 வெற்றி, 3 தோல்வி என்ற கணக்கோடு அவரை நீக்கினார்கள். புதிதாக வந்தவர் பந்தை எறிந்து ஆடும் முறையைக் கொண்டுவந்தார். 2004இல் 5 வெற்றி, 6 தோல்வி. 1961க்குப் பிறகு நெப்ராஸ்கா தோல்வியே மிஞ்சிய பருவத்தைப் பார்த்தது அப்போதுதான்.

அந்தப் புதியவர் யார் தெரியுமா? பில் கேலஹன். 1990 முதல் 1994 வரை விஸ்கான்சினில் லைன் பயிற்சியாளராக இருந்து, ஓட்டத்தையே உயிராகக் கொண்ட லைனைக் கட்டிக்கொடுத்தவர். நெப்ராஸ்காவை விட்ட பிறகு மறுபடி லைன் பயிற்சியாளராகித் தொழில்முறை அணிகளில் கொடிகட்டிப் பறந்தார். 2014இல் டல்லஸ் அணிக்கு அவர் பழக்கிய லைனுக்குப் பின்னால் டிமார்கோ மரே 1,845 கெஜம் ஓடினார். ஒரே மனிதர்தான்: லைன் அறையில் உட்கார்ந்தால் ஓட்டம் தழைத்தது, தலைமை நாற்காலியில் உட்கார்ந்தபோது ஓடுவதற்கென்றே பிறந்த ஒரு பல்கலைக்கழகத்தில் ஓட்டம் வற்றியது. தலைமைப் பயிற்சியாளருக்கு லைனைப் பற்றிய அறிவு இருந்தால் போதும் என்று வாதிடுபவர்களிடம் நான் கேலஹன் பெயரைத்தான் சொல்வேன். அறிவு போதவில்லை, எதற்கு முதலிடம் கொடுக்கிறார் என்பதும் சேர்ந்துகொள்கிறது.

இரண்டாவது வழி, ஒப்படைத்துவிடுவது. இதன் ஆதி உதாரணம் ஜிம் லீ ஹவல். 1954 முதல் 1960 வரை நியூயார்க் ஜயன்ட்ஸ் என்ற தொழில்முறை அணியின் தலைமைப் பயிற்சியாளர். தாக்குதலை வின்ஸ் லம்பார்டியிடமும் தடுப்பை டாம் லாண்ட்ரியிடமும் கொடுத்துவிட்டு, தன் வேலை பந்துக்குக் காற்றடிப்பது மட்டுமே என்கிற தோரணையில் பேசுவார். கிண்டல் இருக்கட்டும், 1956 இறுதியாட்டத்தில் சிகாகோவை 47–7 என்று நொறுக்கியது அந்த ஜயன்ட்ஸ். ஆளைத் தேர்ந்தெடுத்துவிட்டு ஒதுங்கி நிற்பதும் ஒரு திறமைதான்.

அதே லம்பார்டி 1959இல் கிரீன் பே போனதும் முதல் வழிக்கு மாறிவிட்டார் என்பது சுவையான திருப்பம். முந்தைய ஆண்டில் ஒரே ஒரு ஆட்டம் ஜெயித்திருந்த அணி அது. அவர் தன் கையாலேயே கரும்பலகையில் ஸ்வீப் என்ற ஒரே நகர்வை வரைந்து, மணிக்கணக்கில் விளக்கினார். இரண்டு கார்டுகளும் தங்கள் இடத்தை விட்டுப் பின்வாங்கி, ஓரத்துக்கு ஓடி, பந்து வைத்திருப்பவருக்கு முன்னால் புல்டோசர்போலப் போக வேண்டும். ஜெரி கிரேமரும் ஃபஸி தர்ஸ்டனும் அப்படி ஓடிய படங்களைப் பழைய இதழ்களில் பார்த்திருக்கலாம். என்ன வருகிறது என்று எதிரணிக்குத் தெரியும். தெரிந்தும் நிறுத்த முடியாது. ஏழு ஆண்டுகளில் ஐந்து பட்டங்கள். லம்பார்டியே கல்லூரி நாட்களில் கார்டாக ஆடியவர் என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது.

நம் காலத்தில் ஒப்படைப்பை நன்றாகச் செய்தவர், பால்டிமோர் தொழில்முறை அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராக இருந்த ஜான் ஹார்பா. தாக்குதல் பக்கம் வளர்ந்தவர் இல்லை; பந்தை உதைக்கும் சிறப்புக் குழுக்களைப் பழக்கி மேலே வந்தவர். 2018இல் லமார் ஜாக்சன் என்ற குவார்ட்டர்பேக் கிடைத்தார். எறிவதைவிட ஓடுவதில்தான் அவர் எதிரணியைக் கதிகலங்க வைப்பார். ஹார்பா அவரை வழக்கமான அச்சில் வார்க்கப் பார்க்கவில்லை. தன் ஒருங்கிணைப்பாளரை மாற்றிவிட்டு, ஓட்டத் திட்டத்தில் ஊறிய கிரெக் ரோமனை 2019இல் அந்த இடத்தில் வைத்தார். அந்தப் பருவம் அணி 3,296 கெஜம் ஓடி, 1978 முதல் நியூ இங்கிலாந்து வைத்திருந்த 3,165 என்ற சாதனையை உடைத்தது. ஜாக்சன் மட்டும் 1,206.

அப்படியென்றால் ஹார்பாவின் பங்கு ஒரு நியமன உத்தரவோடு முடிந்துவிட்டதா? இல்லை. அதே 2019 அக்டோபரில் சியாட்டிலில் நடந்ததைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நான்காவது முயற்சி, இரண்டு கெஜம் தேவை. உதைத்து மூன்று புள்ளிகள் எடுக்க ஆட்கள் உள்ளே போயாகிவிட்டது. வெளியே வந்த ஜாக்சனின் முகத்தில் எரிச்சல். ஹார்பா அவரிடம், ஓடிப் பார்க்கிறாயா என்கிற பொருளில் கேட்டார். அவர் துள்ளினார். டைம் அவுட் கேட்டு, உதைப்பவரைத் திருப்பி அழைத்து, ஜாக்சனையே ஓடவிட்டார். எட்டு கெஜம், எல்லைக்கோட்டைத் தாண்டி டச்டவுன். நான்காவது முயற்சியில் துணிவது ஒருங்கிணைப்பாளரின் அதிகாரத்தில் இல்லை. தவறினால் திட்டு வாங்கப்போவது தலைமைப் பயிற்சியாளர். ஓட்ட ஆட்டத்துக்கு இது மற்றவர்களைவிட அதிகம் தேவை. மூன்று மூன்று கெஜமாக நகர்கிறவனுக்கு நான்காவது முயற்சி உண்டு என்று தெரிந்தால்தான் மூன்றாவது முயற்சியிலும் ஓடத் தைரியம் வரும்.

இதே அணியின் சறுக்கலும் அதே பருவத்தில்தான். 14 வெற்றிகளோடு பிளேஆஃப் போய், டென்னசி டைட்டன்ஸிடம் 28–12 என்று விழுந்தது. ஆரம்பத்திலேயே பின்தங்கியதும் பதற்றம் வந்து, ஜாக்சன் 59 முறை பந்தை எறிந்தார். எதிரே டெரிக் ஹென்றி நிதானமாக 195 கெஜம் ஓடிக்கொண்டிருந்தார். பின்தங்கும்போது ஓட்டத்தைக் கைவிடாமல் பிடித்து நிறுத்துவது யார் வேலை என்று கேட்டால் என் விரல் தலைமை நாற்காலியைத்தான் காட்டும்.

விஸ்கான்சின் 2022 கடைசியில் எடுத்ததும் இந்த இரண்டாம் வழிதான். தடுப்பாட்டப் பின்னணி கொண்ட லூக் ஃபிக்கல் தலைமைக்கு வந்தார். 2021இல் சின்சினாட்டியை பிளேஆஃப் வரை கொண்டுபோனவர். சாதாரண ஆள் இல்லை. வட கரோலினாவிலிருந்து ஃபில் லாங்கோவைக் கூட்டிவந்து தாக்குதலை ஒப்படைத்தார். லாங்கோ ஏர் ரெய்டு மரபில் வந்தவர். ஆட்களை மைதானமெங்கும் பரப்பி எறியும் முறை. 2023இல் 7–6, 2024இல் 5–7. நன்றாக ஆடிய கல்லூரி அணிகளுக்குப் பருவ முடிவில் கிடைக்கும் பவுல் ஆட்டம், இருபத்திரண்டு ஆண்டுகளாக விட்டுப்போகாதது, விட்டுப்போனது. அந்த நவம்பரில் ஆரிகனிடம் 16–13 என்று தோற்ற மறுநாள் லாங்கோ நீக்கப்பட்டார்.

மேடிசனில் இருக்கும் என் பழைய நண்பர்கள் எல்லாப் பழியையும் லாங்கோ தலையில் போடுகிறார்கள். அவருக்கு ஓட்டம் தெரியாது என்பது அநியாயம். 2020இல் வட கரோலினா மயாமியை 62–26 என்று அடித்த ஆட்டத்தில் மைக்கேல் கார்ட்டர் 308 கெஜமும் ஜவான்டே வில்லியம்ஸ் 236 கெஜமும் ஓடினார்கள். அந்தத் தாக்குதலை நடத்தியவர் லாங்கோதான். 2024இல் செப்டம்பரிலேயே முதல் குவார்ட்டர்பேக்கின் முழங்கால் போனதும் அவர் குற்றமில்லை. எனவே கோளாறு ஆளில் மட்டும் இல்லை. வேறு எங்கே?

பைனாகுலரை லைன் பக்கம் திருப்புங்கள். 2021இல் விஸ்கான்சின் லைனைப் பழக்கியவர் ஜோ ருடால்ஃப். அவர் வர்ஜீனியா டெக் போனார். 2022இல் பாப் பாஸ்டட். அவர் இந்தியானா போனார். 2023இல் லாங்கோ இருந்த வட கரோலினாவிலிருந்தே ஜாக் பிக்னல். 2024இல் ஏ.ஜே. பிளேசெக். நான்கு பருவங்கள், நான்கு லைன் பயிற்சியாளர்கள். பதினெட்டு வயதில் வந்து சேரும் ஒரு பையன் லைனில் தேறி நிற்க மூன்று ஆண்டுகளாவது ஆகும். இந்தப் பையன்கள் ஆண்டுக்கு ஒரு வாத்தியாரிடம் எழுத்துக் கற்றவர்கள். ஒருவர் முதல் அடியைப் பக்கவாட்டில் வை என்பார். அடுத்தவர் நேராக வை என்பார்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தோன்றலாம். இரட்டைத் தடுப்பு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சென்டரும் கார்டும் சேர்ந்து, நூற்று ஐம்பது கிலோ தடுப்பாளர் ஒருவரை இடுப்போடு இடுப்பு ஒட்டித் தள்ளுகிறார்கள். இருவரின் கண்ணும் அவர் மேல் இல்லை. அவருக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கர் மேல். லைன்பேக்கர் எந்தப் பக்கம் அசைகிறாரோ அந்தப் பக்கத்தில் இருப்பவர் கழன்று அவரைப் பிடிக்க வேண்டும். மற்றவர் தனியாகத் தடியரைத் தாங்க வேண்டும். சீக்கிரம் கழன்றால் தடியர் உள்ளே வந்துவிடுவார்; தாமதித்தால் லைன்பேக்கர் வந்துவிடுவார். எப்போது கழல்வது என்பதை வாயால் சொல்ல நேரமில்லை. பக்கத்தில் இருப்பவனின் இடுப்பு எடை மாறுவதை வைத்தே தெரிய வேண்டும். இதைப் பழக ஒரே ஜோடி, ஒரே குரல், ஆயிரக்கணக்கான முறை. அந்தக் குரல் ஆண்டுதோறும் மாறினால் 2 கெஜம்தான் கிடைக்கும்.

ஆக மூன்றாவது வழிக்கு வருகிறேன். நான் கைதூக்குவது இதற்குத்தான். இதில் தலைமைப் பயிற்சியாளர் நகர்வுகளை அழைக்க வேண்டியதில்லை. தாக்குதல் நிபுணராக இருக்கவும் தேவையில்லை. ஆனால் லைன் அறையின் சாவி அவர் இடுப்பில்தான் இருக்க வேண்டும்.

விஸ்கான்சினுக்கு இந்த வழியைப் போட்டுக்கொடுத்தவர் பாரி அல்வாரெஸ். நெப்ராஸ்காவில் லைன்பேக்கராக ஆடியவர், நோட்டர் டேமில் தடுப்பு ஒருங்கிணைப்பாளராக இருந்தவர். 1990இல் மேடிசன் வந்து முதல் பருவத்தில் ஒரு வெற்றி, பத்துத் தோல்வி. மாநிலத்தைச் சுற்றி வேலி போட்டதுபோல உள்ளூர்ப் பையன்கள் வெளியே போகாமல் பார்த்துக்கொள்வேன் என்றார். விஸ்கான்சினில் மின்னல் வேக ஓட்டக்காரர்கள் அதிகம் விளைவதில்லை. ஆனால் பாலும் பாலாடைக்கட்டியும் தின்று வளர்ந்த ஆறரை அடிப் பையன்கள் விளைகிறார்கள். நிலத்தில் என்ன விளையுமோ அதை விதைத்தார். 1994 ஜனவரியில் ரோஸ் பவுலில் யூ.சி.எல்.ஏ.வை 21–16 என்று வென்றார். 1999இல் அவருடைய ரன்னிங் பேக் (பந்தைச் சுமந்து ஓடுபவர்) ரான் டேன், கல்லூரி ஆட்டத்தின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருது வாங்கினார். நகர்வுகளை அழைத்தவர் அல்வாரெஸ் அல்ல. 2007இல் தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களை எடுக்கும் தேர்வில் மூன்றாவது ஆளாகப் போன டேக்கிள் ஜோ தாமஸ் அந்த மாநிலத்துப் பையன்தான். கிளீவ்லண்ட் அணியில் 10,363 நகர்வுகள் ஒன்றுகூட விடாமல் ஆடியவர்.

அல்வாரெஸின் வாரிசான பீலிமாவும் தடுப்பாட்டக்காரர். அவர் 2012இல் செய்த காரியம் இந்த விவாதத்தில் என் முதல் சாட்சி. பருவம் தொடங்கி இரண்டே ஆட்டங்கள் முடிந்திருந்தன. ஆரிகன் ஸ்டேட்டிடம் 10–7 என்று தோற்றார்கள், ஓட்டம் படுத்துவிட்டது. அந்த ஆண்டுதான் புதிதாக வந்திருந்த லைன் பயிற்சியாளரை பீலிமா அப்போதே நீக்கிவிட்டு, உதவியாளராக இருந்த ஓர் இளைஞரை அந்த இடத்தில் உட்கார வைத்தார். பருவத்தின் நடுவில் இப்படிச் செய்வது மரியாதையில்லை என்று பலர் முகம் சுளித்தார்கள். டிசம்பரில், விஸ்கான்சின் ஆடும் பல்கலைக்கழகக் கூட்டமைப்பான பிக் டென்னின் இறுதியாட்டத்தில் நெப்ராஸ்காவுக்கு எதிராக அந்த லைனுக்குப் பின்னால் விஸ்கான்சின் 539 கெஜம் ஓடி 70–31 என்று ஜெயித்தது. தோற்றது எந்த அணி என்பதைக் கவனியுங்கள். ஆஸ்போர்னின் நெப்ராஸ்கா.

நான் நீடிப்பைப் புகழ்ந்துவிட்டு, நீக்கத்தையும் புகழ்கிறேனே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. லைன் பயிற்சியாளர் மாறவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அவர் கற்றுத்தரும் முறை மாறக் கூடாது. அது வீட்டு முறையிலிருந்து வழுவினால் உடனே கண்டுபிடிக்கும் காது தலைமைப் பயிற்சியாளருக்கு வேண்டும். தடுப்பாட்டத்தில் வளர்ந்த பீலிமாவுக்கு அந்தக் காது இருந்தது. ஒருவேளை தடுப்பாட்டத்தில் வளர்ந்ததால்தானோ என்னவோ. எந்த லைன் தன் ஆட்களைக் கஷ்டப்படுத்தும், எது படுத்தாது என்று எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தே பழகியவர்.

தொழில்முறை ஆட்டத்தில் இதற்கு இணை ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ். ஜெஃப் ஸ்டவுட்லண்ட் 2013இல் அங்கே லைன் பயிற்சியாளராகச் சேர்ந்தார். சிப் கெல்லி போனார், டக் பீடர்சன் வந்து போனார், நிக் சிரியானி வந்தார். ஸ்டவுட்லண்டை யாரும் அசைக்கவில்லை. ஆஸ்திரேலியாவில் ரக்பி ஆடிக்கொண்டிருந்த ஜோர்டன் மைலாட்டாவை 2018 வீரர் தேர்வின் கடைசிச் சுற்றில் அணி எடுத்தது; அவரை ஸ்டவுட்லண்ட் முதல் தர இடது டேக்கிளாக மாற்றினார். அமெரிக்கக் கால்பந்தையே அதற்குமுன் ஆடியிராத ஆள்! சிரியானி 2021இல் முதலில் தானே நகர்வுகளை அழைத்தார். பிறகு ஷேன் ஸ்டைக்கனிடம் விட்டுக்கொடுத்தார். பருவத்தின் நடுவில் அணி ஓட்டத்துக்குத் திரும்பி, அந்த ஆண்டு லீகிலேயே அதிகம் ஓடிய அணியானது. ஒருங்கிணைப்பாளர்கள் அடுத்தடுத்து மாறினார்கள். 2024இல் வெளியிலிருந்து வந்த சாக்வான் பார்க்லி அதே லைனுக்குப் பின்னால் 2,005 கெஜம் ஓடினார்; அணி சூப்பர் பவுலை வென்றது. தான் அழைப்பதைவிட இன்னொருவர் நன்றாக அழைப்பார் என்று விட்டுக்கொடுத்ததையும், லைன் அறையில் கைவைக்காமல் இருந்ததையும் சேர்த்துத்தான் சிரியானியின் பங்கைக் கணக்கிட வேண்டும். அவரை வெறும் கூச்சல்காரர் என்று கேலி செய்பவர்கள் இந்த இரண்டையும் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

மூன்றாம் வழிக்கும் ஓட்டை உண்டு. நல்ல லைன் பயிற்சியாளரை மற்ற அணிகள் பணத்தைக் காட்டி இழுக்கும். வீரர்களும் இப்போது ஆண்டுதோறும் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறிக்கொள்ளலாம் என்பதால், மூன்று ஆண்டு ஊட்டி வளர்த்த டேக்கிள் நான்காம் ஆண்டு எதிரணியில் நிற்பார். அல்வாரெஸ் காலத்தில் இந்தத் தலைவலி இல்லை. பொறுமையைக் கேட்கும் வழி என்பதால் ரசிகர்களும் நன்கொடையாளர்களும் இரண்டாம் ஆண்டிலேயே முணுமுணுப்பார்கள்.

எந்த அணிக்கு எது? ஆள் பலம் குறைந்த, கட்டுப்பாடு மிகுந்த அகாடமி போன்ற இடமென்றால் முதல் வழியை யோசிக்காமல் எடுங்கள். அவர் போகும் நாளுக்கான வாரிசை மட்டும் கூடவே வளர்த்துக்கொள்ளுங்கள். லமார் ஜாக்சன் போல ஒரு பிறவி கையில் கிடைத்துவிட்டால் இரண்டாம் வழி. அவருக்கேற்ற ஒருங்கிணைப்பாளரைத் தேடிப் பிடியுங்கள். விஸ்கான்சின் போல, ஆண்டுதோறும் லைனுக்கான பையன்கள் விளையும் மண்ணுக்கு மூன்றாம் வழிதான்.

2025க்கு ஃபிக்கல் பாதி திரும்பிப் பார்த்தார். லைன் பயிற்சியாளராக நீண்ட அனுபவமுள்ள ஜெஃப் கிரைம்ஸை ஒருங்கிணைப்பாளராக அழைத்துவந்தார். சரியான திசை. ஆனால் முதல் ஆட்டத்திலேயே குவார்ட்டர்பேக் காயம்பட்டார். பருவம் 4 வெற்றி, 8 தோல்வி என்று முடிந்தது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். நான்கு ஆண்டில் காலியான சட்டி ஒரு நியமனத்தில் நிரம்பாது.

நான் அந்தப் பல்கலைக்கழகத்தின் விளையாட்டு இயக்குநராக இருந்தால், தலைமைப் பயிற்சியாளருக்கான நேர்காணலில் தாக்குதல் தத்துவம் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். உங்கள் லைன் பயிற்சியாளர் யார், அவருக்கு எத்தனை ஆண்டு ஒப்பந்தம், ஒருங்கிணைப்பாளரும் அவரும் மோதினால் யார் பக்கம் நிற்பீர்கள் என்று மூன்று கேள்விகள் கேட்பேன். மூன்றாவதற்குத் தயங்குபவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிடுவேன். லைன் பயிற்சியாளருக்குத் துணைத் தலைமைப் பயிற்சியாளர் என்ற பட்டமும், ஒருங்கிணைப்பாளருக்கு நிகரான சம்பளமும், ஐந்தாண்டு ஒப்பந்தமும் கொடுப்பேன்.

பாஸ்டட்டை விட்டுவிட்டதுதான் இன்னும் உறுத்துகிறது. 2023இல் அவர் இந்தியானா போன ஆண்டின் இறுதியில் அங்கே தலைமை மாறியது. புதிதாக வந்த கர்ட் சிக்னெட்டி பழைய லைன் பயிற்சியாளரைத் துரத்தாமல் வைத்துக்கொண்டார். 2025 நவம்பரில் விஸ்கான்சின் இந்தியானாவுக்குப் போய் 31–7 என்று தோற்றுத் திரும்பியது. அந்தப் பருவம் ஆடிய பதினாறு ஆட்டங்களையும் ஜெயித்து, இந்தியானா தேசியப் பட்டம் வென்றது.